இஸ்திரி போட்ட புத்தகங்கள்

லாண்டரிக்காரருக்கு மகளுடைய படிப்பின் மேல் அபார மரியாதை. துணி கொடுக்க வருகிறவர்கள் "பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டால், "அது நமக்கெல்லாம் சொன்னாப் புரியாதுங்க" என்பார். அப்போது அவர் முகத்தில் வருகிற களையைப் பார்த்தால், புரியாமல் இருப்பதே ஒரு பட்டம் என்று தோன்றும். மகளும் ஒருமுறை தலைப்பைச் சொல்லித்தான் பார்த்தாள். ஒன்றரை வரி நீளம். நடுவில் 'சித்திரிப்பு' என்று ஒரு சொல் வந்ததுமே மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைக்கு மேலே இருக்கும் அறை அவளுடையது. மூன்று சுவர்களைப் புத்தகம் விழுங்கியாயிற்று. நான்காவதில் ஜன்னல் இருந்ததால் அது தப்பித்தது. எண்ணினால் அறுநூறுக்குக் குறையாது. ஒன்றுகூடப் புதிதாக வாங்கியதில்லை. நூலகங்கள் கழித்துப் போட்டவை, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்தவை, வீடு மாற்றுகிறவர்கள் "எடுத்துட்டுப் போம்மா, புண்ணியமாப் போகும்" என்று தலையில் கட்டியவை. கப்பல் சமையல்காரன் ஒருவன் எழுதிய சுயசரிதை இருந்தது. கிணறு தோண்டுவது எப்படி என்று படம் போட்டு விளக்கிய கையேடு இருந்தது. சிறைக் குறிப்புகள், ஐம்பது வருடத்துக்கு முந்தைய நர்ஸ் பயிற்சிப் புத்தகம், பெயரைச் சொன்னாலே நாக்கு சுளுக்குகிற நாடுகளின் நாவல்கள், அட்டை போன துப்பறியும் கதைகள். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதில் ஒரு நியாயமும் லாண்டரிக்காரருக்குத் தென்பட்டதில்லை. தலையணை கனத்துக்கு ஒரு நாவல், அதை ஒட்டிச் சமையல் குறிப்பு, அதற்கும் அடுத்தாற்போல் குழந்தைகள் படக்கதை. பெரிய படிப்பு, அப்படித்தான் இருக்கும் என்று அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அவளுடைய ரசனையும் தனி தினுசு. காதல் கதை என்றால் பத்துப் பக்கம் பொறுப்பாள். அதற்குள் கதாநாயகன் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் "வேலைவெட்டி இல்லாத பய" என்று மூடி அம்மாவிடம் தள்ளிவிடுவாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு அந்த வேலைவெட்டி இல்லாத பயல்களைத்தான் பிடிக்கும். "நாள் பூரா வார்டுல வேலையைத்தானே பாக்கறேன், கதையிலயுமா?" என்பாள்.

ஒரு புதன்கிழமை மகள் மூன்று நாள் கருத்தரங்குக்கு வெளியூர் போனாள். திரும்பி வந்ததும் ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நாம் ஒன்றும் செய்யவில்லையே என்று லாண்டரிக்காரருக்கு மனசு அடித்துக்கொண்டது. அறையைப் பெருக்கலாம் என்று மேலே போனவர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு புத்தகத் தட்டுகளைப் பார்த்துவிட்டார். மற்ற புத்தகங்களெல்லாம் ஒழுங்காக இருக்க, அந்தத் தட்டுகளில் இருந்த முப்பத்தோரு புத்தகத்தில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மூலை மடிந்து கிடந்தது. பழைய புத்தகம் வாங்கினால் இதுதான் கதி, எந்தப் புண்ணியவான் கையில் இருந்ததோ என்று அவர் வயிறு எரிந்தது. துணியில் சுருக்கம் என்றால் அவர் கை சும்மா இருக்காது. காகிதம் மட்டும் என்ன பாவம் செய்தது?

இரண்டு நாள் கடையில் பாதி வேலைதான் நடந்தது. ஒவ்வொரு மூலையாக நிமிர்த்தி, மேலே ஈரம் பிழிந்த மெல்லிய துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைப் பட்டுக்கு வைக்கிற சூட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். ஒரு பக்கம்கூடக் கருகவில்லை. ஒரு எழுத்துகூட அழியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எதுக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் நர்ஸம்மா.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. உனக்கு என்ன தெரியும்?"

சனிக்கிழமை காலை மகள் வந்து மேலே போனாள். லாண்டரிக்காரர் பாராட்டு வாங்கத் தயாராகப் பின்னாலேயே போனார். அவள் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, இதை யார் பண்ணினது?"

"நான்தான் பாப்பா. எல்லாம் குட்டிச்சுவரா மடிஞ்சு கெடந்துது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சத்தமே போடாமல், வாடிக்கையாளருக்குச் சட்டை தொலைந்த செய்தியைச் சொல்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள். புத்தகத்தில் பேனாவோ பென்சிலோ வைக்க அவளுக்கு மனசு வராது. வேண்டிய இடத்தில் மூலையை மடிப்பாள். பிறகு அந்தப் பக்க எண்ணைக் குறிப்பில் ஏற்றிவிட்டு நிமிர்த்திவிடுவாள். சுவர் பூராவும் இருப்பவை ஏற்றி முடித்தவை. இந்த முப்பத்தொன்று மட்டும்தான் பாக்கி. கடைசி அத்தியாயத்தை எழுதியாகிவிட்டது, எடுத்துக்காட்டுக்கெல்லாம் பக்க எண் மட்டும் போட வேண்டும்.

"திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கொடுக்கணும்பா. விட்டா அடுத்த வருஷம்தான். எனக்குன்னு வெச்சிருக்கற அந்தக் காலேஜ் வேலையும் போயிடும்."

லாண்டரிக்காரருக்கு நான்கு வருடப் படிப்பை இரண்டு நாளில் தேய்த்து எடுத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசல்படியில் நின்ற நர்ஸம்மா, "மத்த வீட்டுல புள்ளைங்க புத்தகத்தைக் கிழிக்கும். இங்க அப்பா இஸ்திரி போட்டிருக்காரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அவர் கீழே போய்க் கடை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எதிரே யாரோ கொடுத்துவிட்டுப் போன கால்சட்டை கிடந்தது. முழங்காலுக்குக் கீழே தப்பான இடத்தில் எவனோ போட்ட பழைய மடிப்பு. அதை எடுக்க நேற்று அரை மணி நேரம் போராடியிருந்தார். போகவே இல்லை. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு இரண்டு படியாக மேலே ஓடினார்.

"பாப்பா! மடிப்பு போகாது! தலைகீழா நின்னாலும் முழுசாப் போகாது!"

ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல், வெயில் சாய்ந்து விழும்படி கிடைமட்டமாகப் பிடித்தார். மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வெறும் வெள்ளைக் காகிதம்தான் தெரிந்தது. அவருக்கோ மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது.

"நூத்தி நாப்பத்திமூணு. மேல் மூலை. எழுது."

அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் வெயில் வந்ததிலிருந்து போகும் வரைக்கும், அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அவர் எண்ணைச் சொல்லுவார், அவள் எந்த இடம் என்று கேட்பாள், அவர் இரண்டு வரி படித்துக் காட்டுவார். முதலில் ஏதோ எழுத்துக் கூட்டுகிற மாதிரிதான் படித்தார். ஏழெட்டுப் புத்தகம் தாண்டியதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. மடித்த பக்கத்திலெல்லாம் யாராவது ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு பெண் மாவு பிசைந்தாள். ஒருவன் சுரங்கத்தில் முட்டி தேய நகர்ந்தான். ஒரு தையல்காரி ஊசியைப் பல்லில் கடித்தபடி பேசினாள். குழந்தைகள் படக்கதையில்கூட மடிந்திருந்த பக்கத்தில் ஒரு கரடி செருப்புத் தைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, எல்லாரும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்காங்க?"

"அதுதானேப்பா என் ஆராய்ச்சி. கதையில வேலையை எப்படி எழுதறாங்கன்னு. 'அவன் ஒரு தையல்காரன்'னு ஒரு வரியில சொல்லிட்டுப் போறது இல்ல. கை என்ன பண்ணுதுன்னு பாத்து எழுதற எடம்."

அவர் திரும்பிச் சுவர்களைப் பார்த்தார். கிணற்றுக் கையேட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாவலை உருவிப் பார்த்தார்; அதில் அணைக்கட்டுக்கு மண் வெட்டினார்கள். சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் இருந்த தலையணை நாவலில் ஒரு பெரிய சமையல்கட்டு. நர்ஸ் புத்தகத்தை ஒட்டி ஆஸ்பத்திரிக் கதைகள் வரிசையாக நின்றன. நாவலா, கையேடா, குழந்தைப் புத்தகமா என்று பார்க்காமல் தொழில் தொழிலாக அடுக்கியிருந்தாள். வெயிலில் மழையில் அலைந்து, பழைய பேப்பர் கடையில் குந்திக் குந்திப் பொறுக்கி, இத்தனை பேரின் கைகளை இவள் ஒரே அறையில் சேர்த்து வைத்திருக்கிறாள். எத்தனை பெரிய வேலை இது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வாயைத் திறந்து சொல்லவும் சொன்னார்.

"பெரிய ஆளு நீ."

"எழுதி முடிச்சதும் சொல்லுங்கப்பா" என்றாள் அவள். ஆனால் ஊரிலிருந்து வந்த பிறகு அப்போதுதான் முதல் தடவை சிரித்தாள்.

ஞாயிறு வெயில் இறங்கும்போது ஒரே ஒரு எடுத்துக்காட்டுக்குத்தான் எண் இல்லை. அதுதான் அத்தியாயம் தொடங்குகிற இடம். ஒரு லாண்டரியைப் பற்றிய நாவல். பத்துப் பேர் வரிசையாக நின்று இஸ்திரி போடுகிற காட்சி. தொழில் பாசத்தில் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் லாண்டரிக்காரர் இரண்டு தடவை பெட்டி போட்டிருந்தார். காகிதமும் தடிமன். எந்த வெளிச்சத்திலும் கோடு தெரியவில்லை.

"படிச்சுத்தான் தேடணும். நடுவுல எங்கயோ வரும். நான் காலையில நம்பரையெல்லாம் டைப் அடிக்கணுமே" என்றாள் மகள்.

"நான் படிக்கறேன்."

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் கடையைத் திறக்காமல் புத்தகத்தைத் திறந்தார். மேலே மகள் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டு மணிக்கு நர்ஸம்மா வேலைக்குப் போகும்போது "கிடைச்சுதா?" என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை. ஒன்பதரைக்கு மகள் கீழே எட்டிப் பார்த்துக் கேட்டாள். "இரு, இரு" என்றார். பத்து மணிக்குப் புத்தகத்துக்குள் விரலை விட்டபடி அவரே மேலே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாப்பா, இதை ஏன் விட்டுட்ட?"

"பத்துப் பேர் எங்கப்பா?"

"அது நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுலயே வந்துடுச்சு. அதை விடு."

"எப்ப வந்துச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும். கதை ஓடிக்கிட்டு இருந்துது..."

மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டாள். வேலை முடிந்தது, அச்செடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். ஆனால் அவர் வழியை விட்டு நகரவில்லை. "இருநூத்தி நாப்பத்தாறு. படி" என்று நீட்டினார்.

அவள் படித்தாள். மனைவி வீட்டை விட்டுப் போன மறுநாள் காலை. லாண்டரிக்காரன் தனியாகக் கடைக்கு வருகிறான். அடுப்பின் மேல் காய்ந்த இஸ்திரி இரும்பை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறான். கண்ணை மூடிக்கொள்கிறான். பிறகு அடுத்த சட்டையை எடுக்கிறான். அவ்வளவுதான், மூன்று வரி.

"இந்தப் பக்கத்தை நான் மடிக்கவே இல்லப்பா. இது வேலை இல்ல, துக்கம். பொண்டாட்டி போன வேதனையில சூடு வெச்சுக்கப் பாக்கறான்."

"சூடு வெச்சுக்கறானா? சூடு பாக்கறான் பாப்பா. அடுப்புல காயற இரும்புக்கு ஸ்விட்ச் ஏது? கன்னத்துக்கு நாலு விரல் தள்ளிப் பிடிச்சாத்தான் பருத்திக்கா, பட்டுக்கான்னு தெரியும். கண்ணைத் திறந்து வெச்சா காந்தும், அதான் மூடிக்கறான்." அவர் அந்த வரியை விரலால் தட்டினார். "பொண்டாட்டி போயிட்டா. குடும்பமே போச்சு. அப்பவும் ஊரான் சட்டை கருகிடக் கூடாதுன்னு பாக்கறான் பாரு."

மகள் மறுபடியும் அந்த மூன்று வரியைப் படித்தாள். பிறகு அச்செடுக்க வைத்திருந்த தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு, பத்துப் பேரில் தொடங்குகிற அத்தியாயத்தின் முதல் பத்தியைத் திருத்தத் திரையில் கொண்டுவந்தாள். மணி பத்தேகால்.

"அப்பா, இந்தப் புத்தகத்தை நான் மூணு தடவை படிச்சிருக்கேன்" என்றாள். "இந்த ரூம் பூரா உங்களைத்தாம்பா தேடிக்கிட்டு இருந்தேன். எதிர்ல வந்து நின்னப்ப அடையாளம் தெரியாமப் போச்சு."

"நேரமாகுது, எழுதும்மா" என்றார் லாண்டரிக்காரர். அவள் புத்தகத்துக்குக் கையை நீட்டினாள். அவருக்குக் கொடுக்க மனசில்லை. மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு வரியாக அவரே படித்தார். அவள் எழுதினாள்.