அழியாமல் நின்ற நாற்பத்தொன்று

எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. அவள் எழுதியிருந்த கணினி நிரல் காலை பதினோரு மணிக்கு ஓடி முடித்து, அறுபத்தோராயிரத்து இருநூற்று நான்கு கோப்புகளை கிளவுட் ஸ்டோரேஜுக்கு ஏற்றிவிட்டதாகத் திரையில் சொன்னது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பழைய சர்வரில் இருந்தவை அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து. நாற்பத்தொன்று மிச்சம்.

லிஃப்ட்களைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்துக்காக அவள் வேலை பார்க்கும் ஆபீசில் கட்டிக்கொடுத்த செயலி அது. இன்ஸ்பெக்டர்கள் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, இரும்பு வடத்தையும் கதவையும் படம் பிடித்து, கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குரலிலேயே குறிப்புச் சொல்லி, போனிலிருந்து அப்லோட் செய்வார்கள். வந்ததெல்லாம் செயலி ஓடும் சர்வரின் டிஸ்கிலேயே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அப்படிக் கட்டியவன் அவள் கணவன். டிஸ்க் நிரம்பும், ஒரு நாள் சர்வர் படுத்தால் எல்லாம் போகும், கிளவுடுக்கு மாற்று என்று பக்கத்து மேசையிலிருந்து அவள் நச்சரித்தபோதெல்லாம் ‘நாளைக்கு’ என்பான். ஆபீசில் அவனுக்குப் பெயரே ‘நாளைக்கு’தான். ஒரு பிறந்தநாளுக்கு கேக்கின் மேல் அதையே எழுதி வாங்கி வந்தார்கள். வெட்டச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்திரண்டு.

டிஸ்க் இப்போது நிரம்பிவிட்டது. இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார். நானே செய்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய சர்வரைத் துடைத்து அணைத்துவிட வேண்டும். அன்று வியாழன்.

மிச்சம் எப்படி வந்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவளுடைய நிரல் தரவுத்தளத்தின் வரிகளை, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவுகளைப் பிடித்துக்கொண்டு போவது. ஒரு வரிக்கு ஒரு கோப்பு. கோப்பை மேலே ஏற்றி, வரியில் புது முகவரியை எழுதும். வரியே இல்லாத கோப்பு அதன் கண்ணில் படாது. பழைய செயலியில் அழிக்கும் பொத்தானை அழுத்தினால் வரி மட்டும் போகும், கோப்பு டிஸ்கிலேயே கிடக்கும். அது அவன் விட்ட ஓட்டை. அதற்காக அவனோடு எத்தனையோ முறை மல்லுக்கட்டியிருக்கிறாள். இன்ஸ்பெக்டர்களுக்கு அந்தப் பொத்தான் கிடையாது, ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தான். ஆக, நாற்பத்தொன்றும் யாரோ சோதனைக்கு ஏற்றி, அழித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டவை. குப்பை. ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சர்வரோடு போய்விடும்.

இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று திறந்தாள். பெயரை வைத்து எதுவும் தெரியாது, எல்லாம் எழுத்தையும் எண்ணையும் குலுக்கிப் போட்டு செயலியே வைத்த பெயர்கள். முதல் கோப்பு ஒரு கட்டைவிரலின் படம். நகத்தின் ஓரம், அவன் கடிக்கிற மாதிரியே, கடித்துக் குதறியிருந்தது. அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அடுத்தது விசைப்பலகை. அடுத்தது மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த அவளுடைய செருப்பு, ஒன்று குப்புற. பிறகு திரும்பி உட்கார்ந்திருக்கும் அவள் பின்னங்கழுத்து, பென்சிலால் குத்திய கொண்டை. மறுபடியும் கட்டைவிரல். கைக்கு எது அகப்பட்டதோ, கண்ணுக்கு எது நேரே இருந்ததோ, அதைப் படம் பிடித்து ஏற்றிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றாக நிதானமாகத் திறந்துகொண்டே போனாள். இருபத்தாறாவது கோப்பு படமில்லை. ஒலி. பதினோரு விநாடி.

உடனே திறக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

அவன் குரல் வீட்டில் எங்கும் இல்லை. குடும்பத்தில் எல்லாரையும் வீடியோ எடுத்தவன் அவன்தான், அதனால் எதிலும் அவன் இல்லை; எடுக்கும்போது வாயைத் திறக்கவும் மாட்டான். குரல் செய்தி அனுப்புகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது, எதையும் தட்டச்சு செய்துதான் அனுப்புவான். போனில் ஏதாவது இருந்திருக்கலாம். அதன் கடவு எண் அவளுக்குத் தெரியவில்லை. கல்யாண நாள், பிறந்த நாள், வீட்டு எண் என்று போட்டுப் பார்த்தாள். பத்தாவது தப்புக்கு அது தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. ஆறாவதில் போன் எச்சரித்தபோதே நிறுத்தியிருக்கலாம் என்பதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அத்தைக்கு, அவன் அம்மாவுக்கு, பார்வை போய் மூன்று வருடமாகிறது. மாலையிட்ட படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது வெறும் கண்ணாடிம்மா, இதுல எனக்கு என்ன தெரியும்? அவன் பேசினது ஏதாச்சும் இருந்தா போட்டுக் காட்டேன்’ என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இயர்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினாள்.

“சோதனை. ஒண்ணு, ரெண்டு. லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பசிக்குது.”

தள்ளியிருந்து அவளுடைய குரல், சுள்ளென்று: “அழிச்சா ஃபைலும் சேந்து போகணும். எத்தன தடவ சொல்றது உனக்கு?”

“நாளைக்கு.”

அவ்வளவுதான். அன்றைக்கே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இது இருந்திருக்காது. அவள் அதை நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை, அவன் குரலைவிடத் தன் குரல்தான் காதில் விழுந்தது.

ஒரு கோப்பும் வெளியே போகக் கூடாது என்பது லிஃப்ட் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம். முதலாளியின் அறைக்குப் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். கேட்கிறீர்களா என்று இயர்போனை நீட்டினாள். அவர் கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார்.

“வரியே இல்லாத ஃபைலப் பத்தி என்கிட்ட ஏம்மா கேக்குற?” என்றார். “அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிடு. புதுசுலயும் அது வந்துடக் கூடாது.”

அந்த ஒலியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்தாள். போனை அத்தையின் காதில் வைத்து அழுத்தினாள். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு பாதியில் நின்றது. முடிந்ததும் இன்னொரு தடவை என்று விரலால் காட்டினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“பசிக்குதுன்றானே.”

“ஆமா அத்த.”

“அன்னிக்கு சாப்பிட்டானா?”

அது எந்த நாள் என்று கோப்பின் தேதி சொல்லும். அன்றைக்கு மதியம் அவன் என்ன சாப்பிட்டான், சாப்பிட்டானா என்பதை எதுவும் சொல்லாது. அப்படி எத்தனையோ மதியங்கள்.

“சாப்பிட்டாரு அத்த.”

“நீயும் அவன் மேல அப்படி எரிஞ்சு விழுந்திருக்க வேணாம்” என்றாள் அத்தை. பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்து, “நான் மட்டும் என்ன, கொஞ்சமாவா திட்டியிருக்கேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அந்த ஓட்டையை அடைத்தாள். ஒரு முழு நாள் வேலை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது நான்கே வரி: வரியை அழிக்கும்போது கிளவுடில் இருக்கும் கோப்பையும் அழி, அது போயிற்றா என்று பார், போகவில்லை என்றால் சொல். எழுதியாயிற்று. இனிச் சோதிக்க வேண்டும். ஏற்ற ஒரு கோப்பு வேண்டும். மேசைமேல் கண்ணை ஓட்டினாள். பக்கத்து மேசையில் யாரும் இல்லை. போனை வாயருகே கொண்டுபோனாள்.

“சோதனை” என்றாள். “ஒண்ணு, ரெண்டு.”

பிறகு நிறுத்தாமல் பதினோரு விநாடி ஆகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் சத்தம், எங்கோ ஒரு கதவு. ஏற்றினாள். வரி வந்தது, கோப்பும் வந்தது. அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். வரி போயிற்று. கிளவுடில் சோதனைக்கென்று தனியாக வைத்திருந்த கோப்புறையைத் திறந்து பார்த்தாள். கோப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தை இன்னொரு முறை புதுப்பித்தாள். துடைத்துவிட்டு இன்னும் யாரும் கால் வைக்காத தரை மாதிரி, பட்டியல் வெள்ளையாக வந்து நின்றது.