கீழ்வீட்டுக் கதவு

கணவாயின் மைப்பையைக் கிழிக்காமல் உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடை வீத்தந்தோனியோ குரல் கொடுத்தான். "பால்மாக்கா, உன்னைத் தேடி ஒரு சீமாட்டி வந்திருக்காங்க. மூஞ்சியைக் கொஞ்சம் நல்லா வச்சுக்க."

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது தாண்டிய பெண், தோளில் பயணப் பை. "மதில் வளைவுக்குக் கீழே, தண்ணிக் குழாய்க்கு எதிர்வீடு உங்களோடதுதானே? அங்கே விசாரிச்சேன், நீங்க மீன் சந்தையில இருப்பீங்கன்னாங்க."

"என்னோடதுதான். ஏம்மா?"

பையை ஈரத்தரையிலேயே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் கை மை அவள் வெள்ளைச் சட்டையில் அப்பியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"நான் வல்போனா. தொண்ணூத்தொண்ணுல அல்பேனியாவுலேர்ந்து கப்பல்ல இத்தாலிக்கு வந்தோமே, எனக்கு அப்போ ஒம்பது வயசு. எங்கம்மாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு வென்னீர் ஊத்துனீங்க. மொச்சை மசியல் குடுத்தீங்க. மூணு நாள் உங்க கட்டில்ல படுத்திருந்தோம். அம்மா போன மாசம் தவறிட்டாங்க. மொனோப்பொலி போய் அந்த அம்மாவைப் பார்த்துட்டு வான்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

சந்தையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "எங்ககிட்ட சொல்லவே இல்லையேக்கா!" என்றான் வீத்தந்தோனியோ. அவன் கண்கூடக் கலங்கியிருந்தது.

அந்த மார்ச் மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துறைமுகம் முழுக்க மனிதர்கள். நனைந்த துணியும் வெறுங்காலுமாகச் சந்துகளில் வந்து நின்றார்கள். அப்போது அது கூட்டுக்குடும்ப வீடு. கீழே என் கணவர் கத்தால்தோவின் அக்கா கொமாசியா, மேலே நாங்கள். கத்தால்தோ கடலுக்குப் போயிருந்தார். கைக்குழந்தையோடு நான் தனியாக இருந்தேன். யாரோ படியேறி வந்து என் கதவை மெல்லத் தட்டினார்கள். நான் தாழ்ப்பாளைப் போட்டு, நாற்காலியையும் முட்டுக்கொடுத்து, மூச்சுவிடாமல் நின்றேன். காலடிகள் இறங்கிப் போயின. கொஞ்சம் பொறுத்துக் கீழ்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

வல்போனா இன்னும் என் கையை விடவில்லை. சும்மா தலையாட்டியிருந்தால் போதும், ஒரு காப்பி குடித்துவிட்டு ரயிலேறியிருப்பாள். கொமாசியாவிடம் நான் பேசி எட்டு வருஷம். காய்ச்சலோடு கடலுக்குப் போன கத்தால்தோ படகிலேயே நெஞ்சுவலியில் போனார். அடக்கத்தன்று ஊரார் முன்னால், "காய்ச்சல்காரனைக் கடலுக்கு அனுப்பினவ இவதான்" என்றாள். அடுத்த மாதமே இரண்டு சந்து தள்ளிக் குடிபோனாள். மதிலுக்குள் அடங்கிய இந்தச் சின்ன ஊரில் ஒருத்தியின் கண்ணில் படாமல் எட்டு வருஷம் நடமாடுவது லேசான காரியமில்லை. அவள் தேவாலயத்துக்குக் காலைப் பூசைக்கு வந்தால் நான் மாலைப் பூசைக்குப் போவேன்.

ஆனால் இந்தப் பெண்ணின் உள்ளங்கை சூடாக இருந்தது.

"நான் இல்லம்மா," என்றேன். "என் நாத்தனார். வா, காட்டறேன்."

வழியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பொலோஞ்ஞாவில் நர்ஸ் வேலை, இரண்டு பிள்ளைகள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

கொமாசியா வாசலில் நாற்காலி போட்டுப் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருமிக்கிட்டே இருந்த பொண்ணு," என்றாள். "உங்கம்மா லீரி. எங்கே அவ?"

வல்போனா சொன்னாள். கொமாசியா அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மொச்சை தரையெல்லாம் உருண்டது. இரண்டு பேரும் அழுதார்கள். நான் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க," என்றாள் வல்போனா.

"இவ முதல்ல என் கதவைத்தான் தட்டுனா அண்ணி. நான் தாழ்ப்பாள் போட்டுட்டேன்." முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை நடுச்சந்தில் நின்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். நாற்காலியை இழுத்த சத்தம் கீழே வரைக்கும் கேட்டுச்சு." கொமாசியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கைக்குழந்தைக்காரி, பயந்திருப்பே. நான் மட்டும் என்ன? நடுங்கிட்டேதான் திறந்தேன்."

இது தெரிந்தும் அவள் கத்தால்தோவிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் சண்டை உச்சத்தில் இருந்தபோதும் ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் வராமல் போயிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. கொமாசியாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் குனிந்து மொச்சையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அப்படியே குந்திட்டே இருக்கப்போறியா?" என்றாள் கொமாசியா. "உள்ளே இன்னொரு நாற்காலி இருக்கு."

எடுத்துவந்து போட்டேன். வல்போனா படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காலை நீட்டிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பச்சைத் தோல்கள் குவிந்துகொண்டிருந்தன. கொமாசியா அந்தப் பெண்ணையே பார்த்தபடி, தோலோடு சேர்த்துக் கொட்டையையும் குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன்.