முன் கண்ணாடி

"படுக்க வைக்காதீங்க! நிமித்தியே தூக்குங்க. அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க" என்று மருமகள் மேல்படியில் நின்று கத்தினாள்.

புது டிவிப் பெட்டி மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கி நின்றது. கடையிலிருந்து சுமந்து வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு முகமே தெரியவில்லை. அட்டையைத் தாண்டி அவர் குரல் மட்டும் வந்தது.

"நிமித்தினா திரும்பாதும்மா. ஒரு நிமிஷம் சாய்ச்சிக்கிறோம்."

"சாய்ச்சா உள்ள விரிசல் விடும்னு கடையில சொன்னாங்க."

"சொல்றது அவங்க, தூக்குறது நாங்க. கொஞ்சம் வழி விடுங்க."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெட்டி சாய்ந்து, கைப்பிடிக் கம்பியில் உரசி, ஒருவழியாக மேலே ஏறியது. உரசிய இடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அட்டை மட்டும்தான் கிழிந்திருந்தது. அப்படியும் மனசு கேட்கவில்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் குறை பார்க்கும் வேலை அவளுக்கு. விட்டுப்போன தையல், கோணிப்போன காலர், பொத்தான் இல்லாத கை என்று நாள் முழுக்கத் தேடித் தேடி, வீட்டுக்கு வந்த பிறகும் கண் தேடுவதை நிறுத்தாது.

"உன் கண்ணு இருக்கே, நிலாவைக் காட்டினாலும் முதல்ல கறையத்தான் பார்க்கும்" என்று மாமனார் சொல்வார்.

மாமனார் கூடத்தில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் வெளியூர் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர், ஹாரனே அடிக்க மாட்டார் என்பதால். இப்போது இதயம் நீர் கோத்த பை மாதிரி கிடக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில், கட்டில் காலருகே, சின்ன பீரோ அளவுக்கு ஆக்சிஜன் மிஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது.

போன வாரம் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குப் பிடிச்சதைக் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள்தான் மெல்லக் கேட்டாள். "உங்களுக்கு என்ன வேணும் மாமா?"

சாப்பிட ஏதாவது கேட்பார் என்று நினைத்தாள். அவர் எதிர்ச் சுவரோரம் இருந்த பழைய பெட்டி டிவியைக் காட்டினார்.

"அகலமா ஒரு டிவி வேணும். சனிக்கிழமை நாலு மணிக்கு மலை ரோடு காட்டுறான். வண்டி முன்னாடி கேமராவ வெச்சு எடுக்கிறான். இதுல பாத்தா ஒத்தையடிப் பாதை மாதிரி இருக்கு. வளைவு வர்றதே தெரிய மாட்டேங்குது."

கணவன் தொலைவில் ஒரு பாலம் கட்டும் இடத்தில் மேற்பார்வையாளர். போனில் சொன்னபோது, "இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு? அவருக்கு முடியலைங்கற, வீட்டுல இடிக்கிறது துளைக்கிறதெல்லாம் வேணாம். சனிக்கிழமை சாயந்திரம் நான் வந்துடறேன். வந்து பாத்துக்கலாம்" என்றான். சனிக்கிழமை சாயந்திரம் என்றால் நாலு மணி தாண்டிவிடும். அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று உண்டா என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயாராக இல்லை. அவள் மறுபேச்சுப் பேசாமல் போனை வைத்தாள். மறுநாள் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

சனிக்கிழமை, டிவி மாட்ட வந்தவர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வந்தார். நடு வயது. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"இந்தச் சுவருக்குள்ள ஒயர் போகுதும்மா. மேல சுவிட்ச், கீழ பிளக். நடுவுலதான் துளை போடணும். மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போட முடியும். துளை போடற மிஷின் பேட்டரில ஓடும், அது பிரச்சினை இல்ல."

அவள் ஆக்சிஜன் மிஷினைப் பார்த்தாள்.

"வேற சுவர்ல மாட்ட முடியாதா?"

"மாட்டலாம். அவர் கழுத்தைத் திருப்பித்தான் பாக்கணும்."

"கரண்ட் போனா வெச்சுக்க ஒரு சின்ன சிலிண்டர் இருக்கு. ஆனா மிஷின் அளவுக்குத் தராது..."

"அஞ்சே நிமிஷம். நாலு துளை."

மாமனார் கட்டிலில் இருந்தபடியே கையை அசைத்தார். முன்னால் போகிற வண்டியை 'போ, போ' என்று அனுப்பும் டிரைவர் கை. "மாத்தும்மா. அஞ்சு நிமிஷத்துல நான் எங்க போயிடப் போறேன்?"

அவள் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். முள் நகர்ந்ததை இரண்டு தரம் பார்த்தாள். அவர் ஆள்காட்டி விரலில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்று இரண்டு. மெயினை அணைத்ததும் மிஷினின் உறுமல் நின்றது. ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதில் அவளுக்குத் தன் மூச்சே நின்ற மாதிரி இருந்தது.

முதல் துளை சுலபமாக இறங்கியது. இரண்டாவதில் கல் தட்டியது. மூன்றாவதில் சுவர் பொரிந்து, திருகு நிற்காமல் ஆடியது. "பழைய சுவரு" என்று முணுமுணுத்தபடி அவர் துளையை இரண்டு விரல்கடை தள்ளி மறுபடி ஆரம்பித்தார். செங்கல் தூள் பறந்தது. அவள் ஒரு துணியை மாமனார் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, விரல் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்பத்தெட்டு. எண்பத்தாறு.

"இன்னும் எவ்ளோ நேரங்க?"

"ஆச்சு, ஆச்சு."

எண்பத்து நாலு. நகக்கண்கள் ஊதா நிறத்துக்குப் போயின. மாமனார் கண்ணை மூடியிருந்தார். அவள் துணியைப் போட்டுவிட்டு மெயின் சுவிட்சுக்கு ஓடி அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். "போடவா? போட்டுறவா?"

"ஐயோ, கைய எடுங்கம்மா! நான் சுவருக்குள்ள இருக்கேன்!"

கடைசித் துளை முடிந்து "போடுங்க" என்றபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. மிஷின் உறும ஆரம்பித்தது. அவள் குழாயை மாற்றிவிட்டு எண்ணைப் பார்த்தபடி நின்றாள். அது ஏறுவதற்கு யோசித்தது. பிறகு எண்பத்தேழு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. தொண்ணூறுக்கு மேல் ஏறவில்லை.

"என்னம்மா, கொதிக்கிற பாலைப் பாக்குற மாதிரி பாக்குற?" என்றார் மாமனார். குரல் காலையில் இருந்ததைவிட மெலிந்திருந்ததா, அல்லது அப்போதுதான் அவள் கவனித்தாளா என்பது தெரியவில்லை.

டிவி சுவரில் ஏறியபோது கூடமே சிறுத்துவிட்டது. பழைய பெட்டியை மூலைக்குத் தள்ளினார்கள். முதலில் வந்த படத்தில் செய்தி வாசித்த பெண்ணுக்கு இரண்டு கன்னமும் உப்பி, தோள்கள் சட்டகத்தின் கோடிவரை போயிருந்தன.

"இவளுக்கு என்ன, பொன்னுக்கு வீங்கியா?" என்றார் மாமனார்.

மாட்ட வந்தவர் சிரித்துவிட்டார். "பழைய சேனலெல்லாம் சதுரங்க. டிவி அகலம். அதான் இழுத்து விட்டிருக்கு." ரிமோட்டில் எதையோ அமுக்கினார். பெண் ஒல்லியானாள். ஆனால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"பாதி ஜன்னலைச் சாத்தின மாதிரி இருக்கே. இதுக்குப் பழசே தேவலாமே."

"எச்டி சேனல் வந்தா முழுசா நிறையும் ஐயா. அதுக்குக் கேபிள் கம்பெனிக்குப் போன் பண்ணித் திறந்து விடச் சொல்லணும்."

மணி மூன்று பத்து. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். இசை வந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு குரல் வந்தது. மறுபடி இசை. மூன்று முப்பதுக்கு ஒருவர் பேசினார், எண் கேட்டார், "லைன்ல இருங்க" என்று சொல்லி மறுபடி இசைக்குள் அனுப்பினார். ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் விரல் கிளிப்பிலுமாக அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். மாட்ட வந்தவர் வேலை முடிந்தும் கிளம்பவில்லை. செட்டாப் பெட்டியின் பின்னால் ஒயரைக் கழற்றிக் கழற்றிச் சொருகினார். ஒன்பது நிமிடம் அவரையும் உறுத்திக்கொண்டிருந்தது போலும்.

நாலு ஐந்துக்குத் திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு கோடிக்குக் கோடி மலை வந்து நின்றது.

ஈரமான தார்ச்சாலை, நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய கற்கள். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. சாலை அவர்களை நோக்கி வந்து கட்டிலுக்கு அடியில் போனது. மாமனார் தலையணையில் இருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாரு, வளைவு வருது. இறக்கத்துல கியர் மாத்தாம வர்றான், மடையன்" என்றார். போர்வைக்குள் வலது கால் ஒருமுறை அழுந்தியது. "ஆங். அப்படி வா."

அவளுக்கு அன்று முதல் தடவையாக மூச்சு நிம்மதியாக வந்தது. மாட்ட வந்தவர் வாசலில் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று தம்ளர் எடுத்தாள். காபியோடு வந்தபோது மாமனார் தலையணையில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. விரல் கிளிப்பில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு சிறு கோடுகள் மட்டும் இருந்தன.

"மாமா" என்றாள். கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு காட்டியது. மறுபடி அவர் விரலில் மாட்டினாள்.

மலைச்சாலை ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ரிமோட்டை எடுத்துக் கண்டதையும் அமுக்கினாள். படம் நிற்கவில்லை. அதன்மேல் ஒரு பட்டியல் வந்து, என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. சத்தம் கூடியது. மாட்ட வந்தவர் செருப்போடு உள்ளே வந்து, சட்டகத்தின் அடியில் விரலை விட்டு எதையோ அமுக்கினார். திரை இருண்டது. பிறகு ஆக்சிஜன் மிஷினைக் காட்டி, "இதையும் நிறுத்தவாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம். டாக்டர் வரட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். அவள் அருகில் போனாள்.

"டாக்டர், கொஞ்ச நேரம் மிஷின் நின்னா... சிலிண்டர்ல வெச்சிருந்தா..."

"எவ்ளோ நேரம்?"

"ஒன்பது நிமிஷம்."

பேனா நின்றது. "இன்னிக்கு இல்லன்னா நாளைக்கும்மா. நாளைக்கு இல்லன்னா புதன்கிழமை" என்று சொல்லிவிட்டு மேலே எழுதினார். புதன்கிழமை என்ற சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. புதன்கிழமை என்றால் இன்னும் நாலு நாள்.

கணவன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். போனில், "எப்படி ஆச்சு?" என்றான்.

"தூங்குற மாதிரி. உக்காந்த வாக்குல."

வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கூடம் நிறைந்தது. எதிர்ச் சுவரில் இருண்ட திரை தொங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அதில் மங்கலாகத் தெரிந்தார்கள். அழுதவர்கள் தாங்கள் அழுவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கணவனின் அக்கா ஒரு போர்வையை எடுத்து அதன்மேல் போட்டாள். அது வழுக்கி விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது.

"போற உசுருக்கு இவ்ளோ பெரிய டிவி. சுவரை வேற இடிச்சிருக்கீங்க. என் தம்பி வேணாம்னு சொல்லியுமா?" என்றாள்.

மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டில் காலடியில் செங்கல் தூள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எப்படிக் கண்ணுக்குத் தப்பியது என்று நினைத்தாள்.

டிப்போவிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் குனிந்து அவளிடம், "கடைசியில என்னம்மா பண்ணிட்டிருந்தாரு ஹாரன்?" என்று கேட்டார்.

"டிவி பாத்துட்டிருந்தாரு. மலை ரோடு. அந்த வண்டிக்காரனைத் திட்டினாரு. கியர் மாத்தலையாம்."

அவர் அதைப் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட, எழுந்து வெளியே போனார்.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. எல்லாம் முடிந்து, குளித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது பிற்பகல் ஆகியிருந்தது. ஆக்சிஜன் மிஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். கணவன் வெறும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஏங்க."

"ம்."

"துளை போடறதுக்கு மெயினை ஆஃப் பண்ணோம். மிஷின் நின்னுடுச்சு. சிலிண்டர் வெச்சேன். ஆனா ஒன்பது நிமிஷம் ஆயிடுச்சு. எண்பத்து நாலுக்கு இறங்கிட்டாரு. அதுக்கப்புறம் தொண்ணூறைத் தாண்டவே இல்ல. நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தாள்.

"ரோடு நல்லா தெரிஞ்சுதா அவருக்கு?" என்றான் கணவன்.

"கல்லு கல்லா தெரிஞ்சுது."

அவன் எழுந்து டிவியின் முன்னால் போய் நின்றான். சட்டகத்தின் கறுப்பு விளிம்பு முழுக்கக் கடையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. கீழ்மூலையில் நகத்தால் சுரண்டி ஒரு நுனியைப் பிடித்தான். அங்கிருந்து மெல்ல உரிக்கத் தொடங்கினான். கீழ்விளிம்பு, வலது பக்கம், எக்கி நின்று மேல்விளிம்பு, பிறகு இடது பக்கம். எங்கும் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக வந்தது. அதைக் கசக்காமல் விரலில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.