கவலையில்லையா என்று கேட்டவர்கள்

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரனான சுஜந்தன் அபுதாபியில் படகோட்டியாக இருந்தான். கடற்பசுக்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களைத் தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்புவது அவன் வேலை. மனைவி மேனுஜா அதே நகரின் முசஃபா பகுதியில் ஒரு கிளினிக்கில் தாதி. நெடுநாள் காத்திருந்து பிறந்த அவர்கள் மகள் ஜெருஷா ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கவில்லை. அடக்கம் முடிந்த நாளிலிருந்து சுஜந்தன் வேதாகமத்தைத் தொடவில்லை. தேவாலயத்துக்கும் போகவில்லை.

மேனுஜா வற்புறுத்தவில்லை. டியூட்டிக்குப் புறப்படுமுன் தனியாக உட்கார்ந்து வாசிப்பாள். ஒருமுறை மட்டும், ஜெபக் கூட்டத்துக்காவது வருகிறீர்களா என்று கேட்டாள்.

“கடவுள் இல்லையெண்டு நான் சொல்லேல்லை,” என்றான். “கடலுக்குள்ள நிண்டா அவர் இருக்கிறது தெரியுது. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

அது பொய் இல்லை. கடற்பசு ஒன்று குட்டியோடு மூச்சுவிட மேலே வரும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்பான். அங்கே யாரும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பெப்ரவரியில் ஒருநாள் ஆய்வாளர்களைத் தீவில் இறக்கிவிட்டு, கூட வேலை செய்யும் காயல்பட்டினத்துக் கௌஸ் முகைதீனோடு திரும்பிக்கொண்டிருந்தான். நண்பகலில் வடமேற்குக் காற்று திடீரென்று எழுந்தது. இன்ஜின் நின்றது. நங்கூரத்தைப் போட்டார்கள்; அதன் கயிறும் அறுந்துபோனது. ரேடியோவில் உதவி கேட்டார்கள். வர நேரமாகும் என்று பதில் வந்தது. அவன் நேசித்த கடல் படகைத் தூக்கித் தூக்கி அடித்தது. இந்தக் கடலுக்குத் தன்னைத் தெரியவே தெரியாது என்று சுஜந்தனுக்குத் தோன்றியது. கடவுள் பெரியவர் என்று கடல் இத்தனை நாளும் சொன்னது உண்மைதான். அந்தப் பெரியவருக்குத் தன்மேல் அக்கறை உண்டா என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

கௌஸ் முகைதீன் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தான். வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த சுஜந்தனின் வாயிலும் ஏதோ வந்தது. அதை ஜெபம் என்று சொல்ல முடியாது. புயலில் படகுக்குள் தூங்கிய இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் கேட்ட கேள்வி அது. திரும்பத் திரும்பச் சொன்னபோது அதற்குள் மகளின் பெயர் வந்துவிட்டது.

“என்ர ஜெருஷாவைப் பற்றி உமக்குக் கவலையில்லையோ?” என்று கத்தினான்.

கௌஸ் முகைதீன் அவன் தோளை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். கடலோரக் காவல் படகு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டபோதும் காற்று அடங்கியிருக்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் நடந்ததை மேனுஜாவிடம் சொன்னான். பிறகு, அந்தப் படகுக் கதையை வாசிக்கச் சொன்னான். சீடர்களின் கேள்வி வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை அதை வாசிக்க வைத்தான்.

“இப்பிடிக் கேட்டதையும் அழிக்காம எழுதி வைச்சிருக்கினமே,” என்றான். “அவருக்குக் கோவம் வரேல்லையோ?”

“அவையளைக் கடிஞ்சவர்தான்,” என்றாள் மேனுஜா. “ஆனா முதல்ல எழும்பினவர்.” சீடர்களின் கேள்வி இருந்த வரியில் விரலை வைத்தாள். “நான் ஆறுதலோட வாசிக்கிறன் எண்டோ நினைச்சனீங்கள்? நானும் ஒவ்வொரு நாளும் இதைத்தான் கேக்கிறன்.”

அவன் அவளைப் பார்த்தான். அடக்கத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். கேள்விக்குப் பதில் கிடைத்துவிடவில்லை. ஆனால் கேட்கலாம் என்று தெரிந்தது. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னான் சுஜந்தன்.