தானாக அடித்த ஹாரன்

ஐயாசாமிக்குப் பொறாமை வந்தபோதெல்லாம் துரையின் காரில் ஹாரன் தானாக அடித்தது. மலாயாவில் சிகாமட்டிலிருந்து ஏழாவது மைல் கட்டையில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் 1927ஆம் ஆண்டின் பாதிக்குள் எல்லோருக்கும் இது தெரிந்துவிட்டது. தெரியாதவன் ஐயாசாமி ஒருவன்தான். முந்தைய டிசம்பரில் ஆறு கரை உடைத்து வந்தபோது அந்தப் பச்சைக் கார் கொட்டகையோடு இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. நீர் வடிந்ததும் ஐயாசாமி அதைக் கழுவி, இருக்கைக்கு அடியில் கிடந்த கெளுத்தி மீனை வாய்க்காலில் விட்டு, எண்ணெய் மாற்றி, முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். நான்காம் சுற்றில் எஞ்சின் கிளம்பியது. துரை அவன் தோளைத் தட்டினார். தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவன். அந்த நினைப்பில் கொளுத்தும் வெயிலிலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைக் கழற்றமாட்டான்.

மறு மாதம் கிரகோரி வந்தான். சிங்கப்பூர்ப் பட்டறையில் வேலை பழகிய கத்தோலிக்கத் தமிழன், இருபத்தாறு வயது, தோட்டத்து ஆலையின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவன். இரண்டு வாரமாக ஊமையாகக் கிடந்த அந்த எஞ்சினை வந்த அன்றே ஓட வைத்தான். துரை அவனுக்குக் கை கொடுத்தார். தோளைத் தட்டுவது வேறு, கை கொடுப்பது வேறு. பத்தடி தள்ளிக் காரில் உட்கார்ந்து அதைப் பார்த்த ஐயாசாமிக்கு நெஞ்சுக்குழியில் சூடாக ஏதோ ஊர்ந்தது. அந்த நொடியே ஹாரன் அலறியது, ஓடிக்கொண்டிருந்த கார் எஞ்சின் அணைந்தது. துரை திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்.

அன்றிலிருந்து ஐயாசாமி பழுதைத் தேடத் தொடங்கினான். பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினான், பாயிண்டைத் தேய்த்துச் சமன் செய்தான், காயிலை மாற்றினான், ஹாரன் வயரை அங்குலம் அங்குலமாகத் தடவித் தோல் உரிந்த இடத்திலெல்லாம் துணி சுற்றினான். கொட்டகைக்குள் கார் பசுவைப் போல இருந்தது. வெளியே எடுத்தால் பழைய கதை. சிகாமட் ரயில் நிலையத்தில் இன்னொரு தோட்டத்து டிரைவர் புதுத் தொப்பியோடு நின்றபோது இரண்டு முறை சுருக்கமாக அடித்தது. பக்கத்து லயத்து வீடொன்றில் மாடு இரட்டைக் கன்று ஈன்ற செய்தி வந்தபோது அரை நிமிடம் அடித்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மூர்த்தி புதுக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு காரைக் கடந்து மூன்று முறை நடந்தார். ஹாரன் வாயே திறக்கவில்லை. மனிதர் ஒரு வாரம் வாடிப்போயிருந்தார். கிரகோரியைக் கண்டால் மட்டும், மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்து போகும்வரை அடித்தது.

எட்டு மாதம் அவன் தேடியதை அவன் மனைவி புஷ்பவள்ளி ஒரே நாளில் கண்டுபிடித்தாள்.

"வயர்ல ஒண்ணும் இல்லீங்க. அந்தக் கிரகோரி தம்பிய யாராச்சும் மெச்சினா அடிக்குது."

"வண்டிக்கும் அவனுக்கும் என்னடி சம்பந்தம்?"

"வண்டிக்கு இல்ல. உங்களுக்கு."

ஐயாசாமி இரண்டு நாள் சோறு தொடவில்லை. தன் நெஞ்சுக்குள் நடப்பதைத் தோட்டம் முழுவதும் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. ரப்பர் தாளை நான்காக மடித்து இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினான். சத்தம் கொஞ்சம் கம்மியதே தவிர நிற்கவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தான். அங்கே பக்கத்துக் காவடி பெரிதாக இருந்தது. கோயிலுக்கு வெளியே கார் அலறியது.

கடைசியில் துரை, காரைக் கிரகோரி பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். கிரகோரி ஒரு சிறிய பல்பில் இரண்டு வயர் கட்டி எடுத்து வந்தான். பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் வெள்ளத்துச் சேறு துருவாகி உறைந்திருந்ததைக் காட்டினான். "பேட்டரியிலேர்ந்து போன கரண்டு திரும்பி வந்தாவணும், அண்ணே. திரும்பற வழிதான் எர்த். வழி அடைச்சா அது கண்ட எடத்துல பூந்துடும்," என்றான். அரத்தால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்துச் செம்புப் பின்னல் ஒன்றைப் போட்டு இறுக்கினான். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஐயாசாமி கதவில் கை வைத்தான். கழற்றிப் போட்ட பேட்டரி வயர் இன்னும் தரையில்தான் கிடந்தது, ஆனாலும் கிரகோரியின் கையிலிருந்த பல்ப் பளீரென்று எரிந்தது. கிரகோரி பல்பைப் பார்த்தான், ஐயாசாமியின் முகத்தைப் பார்த்தான், பல்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். துரையிடம், வெள்ளத்து ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்று சொன்னான். அவன் அப்படிச் சொன்ன நாகரிகத்தையும் ஐயாசாமி பொறாமையோடுதான் பார்த்தான்.

மூன்று வருடங்கள் போயின. துரைக்கு ஹாரன் பழகிவிட்டது. கிரகோரிக்குக் கார் வரும் வழியில் நிற்காமலிருக்கப் பழகிவிட்டது. கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் கழித்து, 1930இல், புஷ்பவள்ளி கர்ப்பமானாள். டிசம்பர் மழையில் ஒரு நாள் நண்பகலுக்கு அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "புள்ள குறுக்க கெடக்குது. சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. நிக்காதீங்க." துரை சிங்கப்பூரில் இருந்தார். கிராணி மூர்த்தி தன் பொறுப்பில் காரை எடுக்கச் சொன்னார். ஐயாசாமி தனியாகப் போகத்தான் இருந்தான். பின்னிருக்கையில் படுத்திருந்த புஷ்பவள்ளிதான், "கிரகோரி தம்பியும் வரட்டும்," என்றாள். ஹாரன் ஒரு முறை அடித்தது. கிரகோரி ஏறிக்கொண்டான்.

நான்காம் கட்டைப் பாலத்தின்மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. கார் அதைக் கடந்து கரையேறிய பிறகு இருமிவிட்டு நின்றது. கிரகோரி காலடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தான். மரக்கட்டை ஒன்று அடியில் மோதியதில் பேட்டரி இரண்டாகப் பிளந்திருந்தது.

"அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டான். "பேட்டரி போச்சு, அண்ணே. கைப்பிடி போட்டாலும் பொறி வராது."

சாலையில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. புஷ்பவள்ளி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். கிரகோரி ஐயாசாமியின் பக்கம் வந்து குனிந்தான்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. அன்னிக்கு அந்த பல்பு உங்க கையாலதான் எரிஞ்சிச்சு. எனக்குத் தெரியும்."

"மூணு வருசமாவா?"

"மூணு வருசமா."

ஐயாசாமிக்கு அவமானப்பட நேரமில்லை. கிரகோரி செத்த பேட்டரியிலிருந்து வயரைக் கழற்றி ஐயாசாமியின் இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான். செருப்பைக் கழற்றச் சொல்லி அவன் வெறுங்காலைச் சட்டத்து இரும்பில் வைத்தான். அதுதான் எர்த். பிறகு முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பத்தி நினைங்க, அண்ணே," என்றான்.

ஐயாசாமி நினைத்தான். எதுவும் வரவில்லை. நெஞ்சு முழுக்கப் பயம்தான் இருந்தது. நாள்தோறும் வேண்டாமென்றாலும் வந்த பொறாமை, வேண்டுமென்று கூப்பிட்டபோது வரவில்லை. "துரை எனக்குப் பங்களா பக்கத்துல வீடு தர்றேன்னிருக்காரு," என்று கிரகோரி கத்தினான். கைப்பிடி சுற்றியது, எஞ்சின் பேசவில்லை. "சம்பளமும் கூடப் போவுது லா!" அதற்கும் இல்லை. "நல்லா இருடா," என்று சொல்லி ஐயாசாமி அழுதான்.

அப்போது பின்னாலிருந்து புஷ்பவள்ளி பேசினாள்.

"இந்த வண்டி எப்படி ஓடுதுன்னு எத்தனை வருசம் உங்களக் கேட்டேன். பொம்பளைக்கு எதுக்குன்னீங்க. எனக்கு எல்லாம் தெரியும். பிளக்கு தெரியும், பாயிண்டு தெரியும், காயில் தெரியும். எர்த்துன்னா என்னன்னும் தெரியும். தம்பி சொல்லிக் குடுத்தாரு."

ஐயாசாமியின் உள்ளங்காலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சூடு ஓடியது. கிரகோரி அரைச் சுற்றுத்தான் சுற்றினான். எஞ்சின் உறுமிக் கிளம்பியது, இரண்டு விளக்குகளும் பட்டப்பகலில் கண்கூசும்படி எரிந்தன, ஹாரன் அடிக்கத் தொடங்கி ஓயவேயில்லை. அந்த நான்கு கட்டைத் தூரமும், வலி விட்ட இடைவெளிகளில், புஷ்பவள்ளி தான் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த மரத்தடியில், எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று சொன்னாள். ஐயாசாமி கண்ணீர் வழிய வழிய ஓட்டினான். அந்தக் கார் ஒருநாளும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சந்திரமதி என்று பெயர் வைத்தார்கள்.

மறு வருடம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஐயாசாமி, கிரகோரி இருவரில் ஒருவர் போதும் என்று கிராணி மூர்த்தி எழுதிக் கொடுத்தார். கிரகோரி இல்லாவிட்டால் ஐயாசாமிக்கு வேகம் வராது, ஐயாசாமி இல்லாவிட்டால் இதுவரை வாங்காத பேட்டரியைக் காருக்கு வாங்கவேண்டும் என்று துரை யோசித்து இருவரையும் நிறுத்திக்கொண்டார். கிரகோரி சிங்கப்பூரில் ஐலீன் என்ற பெண்ணைக் கட்டி அழைத்து வந்த வாரம், கார் ஜொகூர் பாரு வரை போய் ஓரிடத்தில்கூட நிற்காமல் திரும்பியது.

1934 வாக்கில் கார் ஏற்றங்களில் திணறத் தொடங்கியது. அந்த வருடங்களில் ஐயாசாமி ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துப் புஷ்பவள்ளிக்குத் தானே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தெரியாததைக் கிரகோரியிடம் கேட்டு வந்து சொன்னான். ஒரு நாள் துரை கிரகோரிக்கு எல்லோர் முன்னாலும் வெள்ளிக் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். அருகில் நின்ற கார் முனகக்கூட இல்லை. துரை அதை விற்க முடிவு செய்தார்.

மூவாரிலிருந்து மரக்கடைக்காரர் ஒருவர் வாங்க வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், பலகையைத் தூக்கிப் பார்த்தார், பேட்டரி எங்கே என்று கேட்டார். ஐயாசாமி வயரைக் கையில் எடுத்து, எங்கே கட்டவேண்டும், காலை எங்கே வைக்கவேண்டும், எதை நினைக்கவேண்டும் என்று விளக்கினான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கு ஒரு மச்சான் இருக்காரு," என்றார். "பத்து பகாட் டவுன்ல."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வயரைத் தானே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஏறினார். கிரகோரி கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். கார் மூவார் சாலையில் ஹாரன் அடித்தபடி போனது.