சோறு வடிக்கிற துணி

...அதை எங்கே போட்டேன், நேற்றுக் காலையிலும் அதால்தானே பானையைப் பிடித்துச் சோறு வடித்தேன் என்று குசினி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள் ரிப்கா, அடுப்படியில் இல்லை, அலுமாரிக்குப் பின்னால் இல்லை... பத்து மணிக்குச் சட்டத்தரணி சோபனா வந்துவிடுவாள், நட்டஈட்டு வழக்குக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல் திருத்துகிற யாட்டில் ரிப்காவின் புருசன் முனாப் அஸ்பெஸ்டஸ் என்கிற கல்நாரோடுதான் வேலை செய்தார் என்பதற்கு ஒரு சாட்சிப் பொருள். கல்நாரா, அப்படியொரு சாமான் எங்கள் யாட்டில் இருந்ததே இல்லை என்று கம்பனி எழுதிக் கொடுத்துவிட்டதாம், நாசமாய்ப் போவான்கள், இல்லையென்றால் இந்த மனிசனின் நெஞ்சில் புற்றுநோயாய் வந்து குந்தியிருப்பது என்னவாம்?

அவர்தானே கொண்டுவந்தார், இருபது வருசத்துக்கு முன்னால், ஆவிக்குழாயில் சுற்றி மிஞ்சிய வெள்ளைக் கல்நார்த் துணி, "நெருப்பே பிடிக்காது, பானை பிடிக்க நல்லம்" என்று எவ்வளவு பெருமை, யாட்டுக்குப் போன எல்லார் வீட்டிலும் ஒரு துண்டு கிடந்ததே... ஓரம் பிய்ந்து தூள் கொட்டும் போதெல்லாம் வாசலில் நின்று உதறினாளே, எத்தனை தரம் உதறினாய் ரிப்கா? அந்தா, வாளிக்குப் பின்னால் கிடக்கிறது. எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். நேற்றுப் பின்னேரம் சோபனா போனில் சொன்னாளே, "கையால தொடாதேங்கோ அக்கா, அந்தத் தூள் மூச்சில போய்த்தான் இந்த வருத்தம் வாறது, பொலித்தீன் பையில போட்டுக் கட்டுங்கோ." தொடாதேயாம், இருபது வருசம் பிடித்த கைக்கு! இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டுக் கட்டினாள்.

"கிடைச்சுதா?" கட்டிலில் கிடந்தபடி முனாப் கேட்டார்.

"ஓம்."

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "நஸ்ரினுக்கும் பாதி வெட்டிக் குடுத்தாய்தானே... அதையும் வாங்கு... ரெண்டு துண்டெண்டா வழக்குப் பலம்," என்றார் மூச்சு வாங்கி வாங்கி. தெரிந்துதான் சொல்கிறாரா, இல்லை வழக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறதா? மகள் கலியாணம் முடித்துக் கிண்ணியாவுக்குப் போனபோது அதை வெட்டி, ஓரம் தைத்து, சாமான் பெட்டியில் வைத்தது இந்தக் கைதான், எட்டு வருசம், யா அல்லாஹ், வீட்டில் இரண்டு பிள்ளைகள்... சாட்சியைத் தா என்பதா, தொடாதே என்பதா, எதை முதலில் சொல்வது? யோசித்து முடியுமுன்னே விரல் போனை அமத்திவிட்டது.

"உம்மா, கொஞ்சம் பொறுங்க," என்றாள் நஸ்ரின், "போனை வைக்காதேங்க, சோறு வடிச்சிட்டு வாறன்."

எதால் பிடித்து வடிக்கிறாய் மகள்? ரிப்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கஞ்சி வடியும் சத்தத்தைக் கேட்டாள்.