அவளுக்கு யாரும் சொல்லவில்லை

"பாஸா ஃபெயிலாம்மா?" என்று கேட்டார் கட்டிலில் படுத்திருந்தவர். நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்கள், கைகால்களில் கிளிப்புகள். அந்தக் கோலத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டர் பாத்துச் சொல்லுவாருங்க" என்றாள் அவள். பதினாறு வருஷமாக அந்த ஈ.சி.ஜி. அறையில் அவள் சொல்லி வரும் ஒரே பதில். கோடுகளைப் படிக்க அவளுக்குத் தெரியும். படித்ததைச் சொல்லக் கூடாது என்பதுதான் தொழில்.

காகிதத்தைக் கிழிக்கும்போது பிடரியில் அந்தக் குரல் எழுந்தது. 'இவர்கிட்ட மட்டும் வாயை மூடிக்கோ. அன்னிக்கு மட்டும் பெரிய டாக்டர் மாதிரி சொன்னியே.'

குமிழ்களை எடுக்காமல் மறுபடி பொத்தானை அழுத்தினாள். முதல் காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. 'நல்லாப் பாத்தியா? ஊருக்கெல்லாம் நெஞ்சு பாப்ப, வீட்டுல ஒருத்தன் நெஞ்சு தெரியாது.' ஐந்தாவது காகிதம் வெளியே வந்தபோது அந்த மனிதரின் சிரிப்பு நின்றிருந்தது. "எனக்கு ஏதாவது பெருசா இருக்காம்மா?" என்று கேட்டார். வெளியே காத்திருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டாள். அன்று மாலையே துறைத் தலைவர் கூப்பிட்டு, "நாளையிலிருந்து ரெண்டாவது மாடிக்குப் போய் ஆலோசகரைப் பாருங்க. இது தண்டனை இல்ல" என்றார்.

அதற்கு ஏழு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், முப்பத்தாறு வயது. வளர்த்தியினால் வீட்டில் எல்லோருக்கும் அவன் நெட்டை. "அக்கா, தோள் வலிக்குது, ஏப்பமும் வர மாட்டேங்குது" என்றான். வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஒருவருக்கு ஜெல் தடவியபடி, "வாயுடா. வெந்நீர் குடிச்சிட்டுப் படு" என்றாள். "சரிங்க டாக்டரம்மா" என்று வைத்துவிட்டான். வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போய், வெந்நீர் குடித்து, படுத்திருக்கிறான். பிறகு எழுந்திருக்கவில்லை. அக்கா சொன்னதை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

பதினோராம் நாள் தம்பி மனைவி போனை எடுத்து வந்து காட்டினாள். "அண்ணி, கடைசியா உங்களுக்குத்தான் பண்ணியிருக்காரு. ரெண்டு நிமிஷம். என்ன சொன்னாரு?" இவள் நாக்கு தானாகப் புரண்டது. "சும்மாதான். அம்மாவோட மாத்திரை பத்திக் கேட்டான்." அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஆலோசகரின் அறை பழைய கிடங்கு. ஜலதோஷம் பிடித்த ஒரு நடுவயதுப் பெண்மணி கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நல்லதையே நினையுங்கள் என்று ஆரம்பிப்பார் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவரோ, "அந்தக் குரல் உடம்புல எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"பிடரியில."

"அதுமேல உங்களுக்கு என்ன தோணுது?"

"கழுத்தை நெரிச்சுப் போடணும்னு."

"சரி. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் ஓரமா உக்காரச் சொல்லுங்க. போகச் சொல்ல வேண்டாம்."

"மேடம், இப்படி ஒவ்வொண்ணா உக்கார வச்சா பஸ்ஸே நிறைஞ்சிடும்." இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு அவள் அழுததும் அந்த அறையில்தான்.

மூன்றாவது வாரம் ஆலோசகர், "அதுக்கு என்ன வயசு இருக்கும்?" என்றார். யோசிக்காமலே பதில் வந்தது. "பதினொண்ணு." சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பதினோரு வயதில் ஒரு மத்தியானம். தம்பிக்கு ஏழு வயது, அனலாய்க் காய்ச்சல். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, "இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டவள் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது அவன் கைகால் வெட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடி, எப்படியோ பிழைத்தான். அம்மா அவளை அடிக்கவில்லை. ஒரே ஒரு பார்வை. அது போதுமாக இருந்தது.

"அவ ஏன் கத்துறான்னு கேளுங்க" என்றார் ஆலோசகர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கத்தலைன்னா நான் தூங்கிடுவேனாம்."

"தூங்கினா?"

"அவனுக்கு ஏதாவது ஆயிடுமாம்."

மூக்கைத் துடைக்கப் போன ஆலோசகரின் கை பாதியிலேயே நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். "மேடம், அவ இன்னும் காவல் இருக்கா. அவன் போயிட்டான்னு அவளுக்குத் தெரியாது. யாருமே சொல்லல."

"யாரு சொல்லணும்?"

அன்று அவளால் முடியவில்லை. ஆலோசகரும் அவசரப்படுத்தவில்லை. தம்பி இறந்ததை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அவள்தான் போன் போட்டுச் சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னாள், அவன் முதலாளிக்குச் சொன்னாள், அழாமல், நேரம் பிசகாமல். இந்த ஒருத்திக்குச் சொல்ல மட்டும் இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. அந்த நாட்களில் பிடரியில் குரல் எழும்போது திருப்பித் திட்டாமல், "இருடி, வர்றேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னாள். "தம்பி செத்துட்டான்டி. நெஞ்சுவலி. முப்பத்தாறு வயசு வரைக்கும் இருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்துச்சு. நீ பாத்துக்கிட்டதாலதான்."

அந்தச் சிறுமி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். 'நான் தூங்கிட்டேனா?'

"இல்லடி கண்ணு, நீ தூங்கல. நான்தான்… எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?"

எட்டு மாதத்தில் 'எனக்குத் தெரியல' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். அன்று மாலை ஐந்து மணிக்கே படுத்தவள் மறுநாள் காலைதான் எழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி மகளின் பள்ளிச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாளே தவிர, கை நிற்கவில்லை. இவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். தோள்வலி, ஏப்பம், வெந்நீர், கூடவே மாத்திரை என்று சொன்ன பொய்யையும்.

தம்பி மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கினாள்.

"அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை அண்ணி. பேசாமலே வேலைக்குப் போனாரு. உங்ககிட்ட என்னைப் பத்தி ஏதோ சொல்லி அழுதிருக்காரு, அதைத்தான் நீங்க மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். நீங்க இந்தப் பக்கமே வராததும் அதனாலதான்னு. எட்டு மாசமா அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் பேசிப் பேசிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஐயோ, இல்லம்மா. உன் பேரைக்கூட அவன் எடுக்கல."

ஆறுதலாக இருக்குமென்றுதான் சொன்னாள். தம்பி மனைவியின் முகம் அப்படியே நின்றது.

"என் பேரைக்கூட எடுக்கலையா?"

தம்பி மனைவி இஸ்திரி போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். அடுக்கி முடித்து, "இப்ப போங்க அண்ணி. கோபமா வருது. யாருமேலன்னு எனக்கே தெரியல" என்றாள்.

வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றாள். பிடரியில் திட்டு எதுவும் எழவில்லை. அங்கே ஒரு சிறுமி சின்னதாக விசும்புவது மட்டும் கேட்டது. உள்ளே தம்பி மனைவி அடுத்த சட்டையை உதறி விரித்தாள். பிளக் தரையில் கிடந்தது. ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியை எடுத்து சட்டையின் அந்தச் சின்னக் கையின் மேல் வைத்து அழுத்தி, இழுத்தாள். சுருக்கம் போகவில்லை. மறுபடி இழுத்தாள்.